ரைஃபைசன் சரித்திரச் சுருக்கம்

பஞ்ச காலத்தில் அரசாங்கத்தார் குடிகளுக்கு உதவி புரிவது எத்தேசத்திலும் புதிதன்று. தானியம் அளித்தும், தீர்வை தள்ளியும், விதைக்கும் உழவுமாட்டுக்கும் முன்பணம் கொடுத்தும் பல அரசுகள் தம் கடனைச் செய்து வந்திருக்கின்றன. ஆயினும், கொடுக்கப்பட்ட உதவி எவரை உத்தேசித்துக் கொடுக்கப்பட்டதோ அவர் கையை அடைந்ததா, அன்றி வழியில் வேறொருவர் கையில் தங்கிவிட்டதா என்று விசாரித்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜெர்மனி தேசத்து ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்பவர். அவர் மகா பண்டிதரல்லர். மந்திரி பதவி வகித்தவருமல்லர். குக்கிராமங்களில் சொற்ப சம்பளத்தில் உத்தியோகம் பார்த்துக் கண்ணொளி குன்றி ஒடுங்கியவர். எனினும் நம் ஊர்களில் உள்ள கூட்டுறவு நாணயச் சங்கங்களுக்கெல்லாம் மூலபுருஷர் அவரே. நம் சங்கத்து அங்கத்தினருள் நிலமுடையார் பலர். நாணயச் சங்கங்களின் நிர்வாகத்தில் அமர்ந்திருப்போர் சிலர். பிறர் நிலத்தைக் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுது பிழைப்போரும் உளர். இம்முத்திறத்தாரும் அறியத்தக்கது இவர் சரிதம் என்று கருதி இங்கு எழுதுகின்றோம்.

ரைன் நதிக்குக் கிழக்கே வெஸ்டர்வால்ட் என்னும் மலைப்பாங்கான பிரதேசம் உண்டு. குளிர் மிகுதி; மண் வளம் குறைவு; உருளைக்கிழங்கும் தாழ்ந்த தரத் தானியமுமே குடிகளுக்கு ஆகாரம். அப்பிரதேசத்தில் ஹம் என்னும் சிற்றூரில் 1818-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ஆந் தேதி ரைஃபைசன் பிறந்தார். ஒன்பது மக்களுள் அவர் ஏழாமவர். தந்தையார் உழவர், சில காலம் அவ்வூரின் தலைமை உத்தியோகமும் வகித்தவர். அவரால் குடும்பத்தைத் தாங்க இயலாமற் போகவே, பாரமெல்லாம் தாயார் தலைமேல் விழுந்தது. மேற்படிப்புக்கு வசதியில்லை. ஊர்ப் பாதிரியாராகிய ஸைப்பெல் என்பவர் பையனுக்குத் தம் வீட்டிலேயே கல்வி புகட்டினார். 1835-ஆம் வருஷம் பதினேழாம் பிராயத்தில் அவர் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். அங்கே மேலே வந்திருப்பார். கண்ணோய் பற்றிக்கொண்டதனால் 1843-இல் படையை விட்டு விலகி, சிவில் உத்தியோகத்தில் எழுத்து வேலைக்கு வந்தார். 1845-இல் வையர்புஷ் என்னுமிடத்துக்கு மேயராக நியமிக்கப்பட்டார். மேயர் என்றவுடன் பெரிய பட்டணத்தின் தலைவர் என்று நினைக்கலாகாது. இருபதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் அடங்கிய ஒரு வட்டாரத்தை, நம் நாட்டில் பிர்க்கா என்கிறோமே அத்தகையதொன்றை, மேற்பார்க்கும் உத்தியோகம் அது. அப்போது அவர் முப்பது வயதும் நிறையாத இளைஞர். அவ்வருஷமே எமிலி என்னும் மாதை மணந்தார்.

உத்தியோகம் ஏற்ற இரண்டாம் வருஷத்திலேயே சோதனை வந்தது. ஐரோப்பா முழுவதும் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் கண்டு அழுகிய காலம் அது. 1846-ஆம் வருஷத்து விளைவு பொய்த்தது. தானிய விலை ஏறியது. குளிர்காலம் தொடங்கு முன்னரே ஏழைகளின் வீட்டில் மாவுப்பானை வெறுமையாயிற்று. ரைஃபைசன் மேலதிகாரிகளுக்கு எழுதினார். அரசாங்கத்தாரும் இரங்கித் தம் களஞ்சியத்திலிருந்து மாவு அனுப்பினர். ஆனால் அதனோடு ஓர் உத்தரவும் வந்தது. மாவை ரொக்கப் பணத்துக்கே கொடுக்க வேண்டும். கடனுக்குக் கொடுக்கலாகாது என்பது அவ்வுத்தரவு.

இவ்விடத்தில் வாசகர் சற்று நின்று யோசிக்க வேண்டும். உத்தரவிட்ட அதிகாரி தீயவரல்லர். அரசாங்கப் பொருளுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர். கடனுக்குக் கொடுத்தால் வசூலாகாது என்று அஞ்சியவர். ஆனால் விளைந்தது என்ன? ரொக்கம் வைத்திருப்பவன் சந்தையிலும் வாங்கிக்கொள்வான். ரொக்கம் இல்லாதவனுக்காக வந்த மாவை ரொக்கம் உள்ளவனே வாங்கலாம் என்றாகிவிட்டது. பட்டினி கிடப்பவன் மாவு மூட்டைகளைக் கண்ணாற் கண்டு வீடு திரும்ப வேண்டியதே. காகிதத்திலோ, வையர்புஷ் வட்டாரத்துக்கு உதவி சென்று சேர்ந்துவிட்டது.

ரைஃபைசன் அவ்வுத்தரவை மீறினார். மேலதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாவோம் என்று தெரிந்தே, மாவை ஏழைகளுக்குக் கடன்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுத்தார். அம்மட்டில் நில்லாமல், வட்டாரத்துச் செல்வரை அழைத்துப் பேசி, அவர்களிடம் பணம் திரட்டி, வெளியூரில் தானியம் வாங்கினார். ஊரில் ஒரு ரொட்டிச் சூளை கட்டப்பட்டது. அங்கே சுட்ட ரொட்டி, கடைவிலையினும் மலிவாக, அறுவடைக்குப் பின் தருவதாக எழுதிக் கொடுத்தவர்க்குக் கடனாக வழங்கப்பட்டது. விதைக்கிழங்குக்கும் இவ்வாறே வழி செய்யப்பட்டது. 1847-ஆம் வருஷத்து அறுவடை நன்றாயிற்று. கடனும் திரும்பி வந்தது. ஏழைக்குக் கொடுத்தால் வாராது என்று அஞ்சியவர்க்கு இதனினும் வேறு விடை வேண்டுவதில்லை. உத்தரவை மீறியவர் என்ற காரணத்தால் அவர் உத்தியோகமும் போய்விடவில்லை. 1848-இல் இதனினும் பெரிய ப்ளம்மர்ஸ்பெல்ட் வட்டாரத்துக்கு மாற்றப்பட்டார். அவர் முயற்சியால் இவ்வட்டாரங்களை ரைன் நதிப் பள்ளத்தாக்கோடு சேர்த்துப் போடப்பட்ட சாலை அவர் பெயரால் இன்றும் வழங்குகிறது. அதனை விரித்துரைக்க இங்கு இடமில்லை.

ப்ளம்மர்ஸ்பெல்டில் அவர் கண்டது வேறொரு துயரம். அங்கே பஞ்சம் தீர்ந்திருந்தது, கடன் தீரவில்லை. ஏழைக் குடியானவன் மாடு வாங்கப் பணமின்றி மாட்டு வியாபாரியிடம் போவான். வியாபாரி மாட்டை விற்பதில்லை. இரவலாகக் கட்டிவிட்டுப் போவான். புல்லும் வைக்கோலும் குடியானவனுடையவை; உழைப்பும் அவனுடையதே. ஈன்ற கன்றில் வியாபாரிக்குப் பங்கு உண்டு. மாடு கொழுத்தபின் அவன் நினைத்த நாளில் ஓட்டிக்கொண்டு போகலாம். வேறொரு மெலிந்த மாடு அவ்விடத்தில் வந்து கட்டப்படும். ரொக்கக் கடனுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தவர் நிலத்தையே இழந்தனர். நம் நாட்டில் வாரத்துக்கு மாடு வளர்க்கும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆயினும் அந்நாட்டு வழக்கம் நம்முடையதினும் கொடியது.

இதற்குப் பரிகாரமாக 1849-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஏழைக் குடியானவர்க்கு உதவும் சங்கம் ஒன்றை நிறுவினார். வசதியுள்ள கனவான்கள் சுமார் 60 பேர் தம் சொத்து முழுவதையும் பொறுப்பாக வைத்துக் கூட்டாகக் கடன் வாங்கினர். அப்பணத்தால் மாடுகள் வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்தனர். வாங்கியவர் ஐந்து வருஷத் தவணையில் விலையைச் செலுத்தினால் போதும். மாடு அவர்களுக்கே சொந்தம். சில காலத்துக்குப் பின் மாடு கொடுப்பதை விட்டுப் பணமாகவே கடன் கொடுத்தனர். 1852-இல் நாய்வீட் பட்டணத்தை அடுத்த ஹெட்டெஸ்டார்ப் வட்டாரத்துக்கு அவர் மாற்றப்பட்டார். அங்கும் 1854-இல் ஒரு தரும சங்கம் கண்டார். அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்தல், சிறையினின்று விடுதலையானவர்க்கு வேலை தேடிக் கொடுத்தல், வாசகசாலை நடத்துதல், கடன் கொடுத்தல் எனப் பல அறங்களை அச்சங்கம் ஒருங்கே மேற்கொண்டது.

இதுகாறும் உரைத்ததைப் படிப்பவர், நல்ல மனமுள்ள ஒருவர் செல்வரைத் திரட்டி ஏழைகளுக்கு உதவினார், அவ்வளவே என்று எண்ணக்கூடும். சரிதம் எழுதுவோருட் பலர் 1847-ஆம் வருஷத்து ரொட்டிச் சூளையையே முதல் கூட்டுறவுச் சங்கம் என்று புகழ்ந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். அது தருமம், கூட்டுறவன்று. அதில் கொடுத்தவர் ஒரு கூட்டம், வாங்கியவர் மற்றொரு கூட்டம். அவ்வேறுபாட்டினால் விளைந்த கேட்டை ரைஃபைசன் உணர்வதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஹெட்டெஸ்டார்பில் முதற்கண் ஆர்வத்தோடு சேர்ந்த செல்வர்கள் நாளடைவில் சலிப்படைந்தனர். கடனுக்குத் தம் சொத்து பொறுப்பாக நிற்பதும், அதனால் தமக்கு யாதொரு பயனுமில்லாமையும் அவர்களுக்குப் பாரமாயின. ஒவ்வொருவராக விலகத் தொடங்கினர். சங்கமோ செல்வரின் மனத்தளவிலேயே நின்றது. மனம் மாறினால் சங்கமும் இல்லை.

தருமத்தையே தம் வாழ்வின் கொள்கையாகக் கொண்டிருந்த ஒருவர்க்கு, தருமத்தின்மேல் கட்டிய வீடு நிலையாது என்று ஒப்புக்கொள்வது எளிதன்று. அவர் ஒப்புக்கொண்டார். ஷூல்ட்ஸ டெலிட்ஷ் என்பவர் அப்போது பட்டணத்துக் கைத்தொழிலாளர்க்காக நாணயச் சங்கங்கள் ஏற்படுத்திக் கொண்டிருந்தார். அவர் முறையையும் ஆராய்ந்து, 1862-இல் அன்ஹவுசனிலும், 1864-இல் ஹெட்டெஸ்டார்பிலும், கடன் வாங்குவோரே அங்கத்தினராக இருக்க வேண்டும் என்ற விதியோடு சங்கங்கள் அமைத்தார். அதுமுதல் கொடுப்பவர் வேறு, வாங்குபவர் வேறு என்னும் நிலை ஒழிந்தது.

அச்சங்கங்களின் விதிகளை அறிந்தாலன்றி அவர் கருத்து விளங்காது. சங்கத்தின் எல்லை ஓர் ஊர் அல்லது ஒரு கோயிற்பற்று அளவே. ஒருவர் குடித்தனம் மற்றவர்க்குத் தெரிய வேண்டும் என்பதே அதன் காரணம். எவன் உழைப்பாளி, எவன் குடியன், எவனுக்கு மாடு மெய்யாகவே செத்தது என்பதை ஜில்லாக் கச்சேரியில் இருப்பவர் அறியார், அடுத்த வீட்டுக்காரர் அறிவார். சங்கத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் தம் சொத்து முழுவதும் பொறுப்பாவார். தனியொரு ஏழையை நம்பி எவரும் பணம் கொடார்; ஊரார் அனைவரும் ஒருவர்க்கொருவர் ஜாமீனாக நின்றால் பட்டணத்துப் பணமும் குறைந்த வட்டிக்கு ஊருக்குள் வரும். கணக்கரைத் தவிர மற்ற நிர்வாகிகளுக்குச் சம்பளமில்லை. லாபம் பங்கிடப்படாது, சேமநிதியாகச் சேரும், அந்நிதியை எக்காலத்தும் அங்கத்தினர் தமக்குள் பிரித்துக்கொள்ளலாகாது. கடன் இன்ன காரியத்துக்கு என்று சொல்லி வாங்க வேண்டும்; அக்காரியத்துக்கே செலவிட வேண்டும். உழவனுக்கு வருமானம் அறுவடையிலிருந்தே வருவதால் தவணை நீண்டதாக இருக்கும். இவற்றுள் எல்லையில்லாப் பொறுப்பு என்பதே பலர்க்கு அச்சம் விளைத்தது. பத்து ஏக்கர் உடையவன் அரை ஏக்கர் உடையவனுக்காக ஏன் தன் நிலத்தைப் பணயம் வைக்க வேண்டும் என்று கேட்டனர். அவ்வாறு வைத்தாலன்றி அவன் மற்றவன் கடனைப் பற்றிக் கவலைப்படமாட்டான் என்பதே ரைஃபைசனின் எண்ணம்.

அவருடைய குடும்ப வாழ்வில் துயரமே மிகுதி. மக்களுள் மூவர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். 1863-இல் மனைவி எமிலி காலமானார். 1865-இல், நாற்பத்தேழாம் பிராயத்தில், நோயின் மிகுதியால் உத்தியோகத்தினின்று விலக நேர்ந்தது. கிடைத்த உபகாரச் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. சிறிய சுருட்டுத் தொழிற்சாலை ஒன்று நடத்தினார். பின்னர்த் திராட்சை மது வியாபாரம் செய்தார். ஆயிரக்கணக்கானோர்க்குக் கடன் வழி காட்டியவர் தம் பிழைப்புக்குச் சுருட்டு விற்றார். கண்பார்வையோ நாளுக்கு நாள் மங்கியது. மூத்த மகள் அமாலி தந்தைக்குக் கண்ணாக அமைந்தாள். அவர் சொல்லச் சொல்லக் கடிதங்களையும் கட்டுரைகளையும் எழுதினாள். மணம் புரியாமலேயே அப்பணியில் தன் வாழ்நாளைக் கழித்தாள். 1866-இல் வெளியான அவருடைய நாணயச் சங்க நூல் பல பதிப்புகள் கண்டு, அவர் காணாத ஊர்களிலெல்லாம் சங்கங்கள் தோன்றக் காரணமாயிற்று. பெரியோர் சரிதத்தில் இத்தகைய மகளிர் பெயர் விடுபட்டுப் போதல் வழக்கம். இங்கு விடுபட நாம் இசையோம்.

அவரிடத்துக் குறையொன்றும் இல்லையென்று சொல்வதற்கில்லை. வட்டித் தொழிலும் மாட்டு வியாபாரமும் செய்தோருள் கிறிஸ்தவரும் இருந்தனர், யூதரும் இருந்தனர். அவரோ தம் எழுத்துக்களிற் சிலவிடங்களில் யூத சமூகத்தின் மேலேயே அப்பழியைச் சுமத்தியிருக்கிறார். கொடுமை செய்தவனை விட்டு அவன் பிறந்த கூட்டத்தைப் பழிப்பது அறிவுடைமையாகாது. அத்தகைய பேச்சுக்கள் பெருகிப் பெருகி அந்நாட்டில் பின்னர் எவ்வளவு பெரிய பாதகத்தில் முடிந்தன என்பதை உலகம் அறியும். குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் இக்குறையை மறைக்காமல் எழுதுவதே முறை.

சங்கங்கள் பெருகவே அவற்றுக்குள் பணம் மிகுந்த ஊரும் குறைந்த ஊரும் உண்டாயின. ஓரூரின் மிச்சத்தை மற்றோரூரின் தேவைக்கு மாற்ற 1872-இல் நாய்வீட்டில் மத்திய பாங்கி ஒன்று ஏற்படுத்தினார். அதன்மேல் ஷூல்ட்ஸ டெலிட்ஷுக்கும் இவர்க்கும் பெரும் விவாதம் மூண்டது. குறுகிய தவணைக்கு வாங்கிய பணத்தை நீண்ட தவணைக்குக் கொடுப்பது ஆபத்து என்றும், சங்கங்களுக்கு மேல் சங்கம் அமைப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்றும் அவர் எதிர்த்தார். பாங்கித் தொழிலின் கணக்குப்படி முதற்கூற்றில் நியாயம் உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் மூன்று மாதத் தவணை பட்டணத்துத் தச்சனுக்குப் பொருந்தும், உழவனுக்குப் பொருந்தாது. ரைஃபைசன் சட்டத்துக்கு இணங்க 1876-இல் மத்திய பாங்கியைப் பங்கு முதலீட்டுக் கம்பெனியாக மாற்றி அமைத்தார். மறு வருஷம் சங்கங்களின் சம்மேளனம் ஒன்றும் நிறுவினார். 1888-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ஆந் தேதி ஹெட்டெஸ்டார்பில் உயிர் நீத்தார். அப்போது அச்சம்மேளனத்தில் நானூறுக்கு மேற்பட்ட சங்கங்கள் சேர்ந்திருந்தன.

இனி அவர் பெயர் நம் சென்னை மாகாணத்துக்கு வந்த வரலாற்றைச் சொல்வோம். கிணறு வெட்டுதல் முதலிய நிலத் திருத்தத்துக்கு 1883-ஆம் வருஷச் சட்டப்படியும், விதை, மாடு முதலியவற்றுக்கு 1884-ஆம் வருஷச் சட்டப்படியும் சர்க்கார் குடிகளுக்குக் கடன் கொடுத்து வந்தனர். தக்காவி என்று பெயர் பெற்ற அக்கடன் நாட்டின் தேவைக்கு மிகச் சொற்பம். ஜாமீன் காட்ட நிலமுடையவர்க்கும், கச்சேரிக்குப் பலமுறை நடக்க நேரமுடையவர்க்குமே அது எளிதாயிருந்தது. 1892-இல் சென்னை அரசாங்கத்தார், கோயமுத்தூர் ஜில்லா மானுவலை எழுதியவரான பிரடரிக் நிக்கல்ஸன் துரையை, விவசாய பாங்கிகளைப் பற்றி விசாரிக்க நியமித்தனர். அவர் ஐரோப்பிய தேசங்களின் முறைகளை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் இரண்டு பெரும் பாகங்களாக அறிக்கை வெளியிட்டார். அத்துணைப் பக்கங்களின் சாரமும், ரைஃபைசனைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்னும் ஒரே கருத்தில் அடங்கிவிட்டது. சட்டத்தைத் தேடுங்கள் என்னாமல் ஓர் ஆளைத் தேடுங்கள் என்றது கருதத்தக்கது. 1904-இல் இந்தியாவுக்குக் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு எல்லையில்லாப் பொறுப்பையே அச்சட்டம் விதித்தது. அவ்வருஷமே அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவில் திரூரில் மாகாணத்து முதற் கிராமச் சங்கம் பதிவாயிற்று.

சட்டம் வந்தது, சங்கங்களும் வந்தன, தேடிய ஆள் எல்லா ஊரிலும் அகப்படவில்லை. சுதந்திரத்துக்குப் பின் ரிசர்வ் பாங்கியார் நாடெங்கும் விசாரணை நடத்தி 1954-இல் வெளியிட்ட கிராமக் கடன் அறிக்கையின்படி, 1951-52-இல் உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு 3 அளவே. சர்க்கார் கொடுத்ததும் ஏறக்குறைய அவ்வளவே. அச்சொற்பத்திலும் பெரும்பகுதி பெரிய மிராசுதார்களிடமே சென்றது என்றும் அவ்வறிக்கை கண்டது. அதன்பின் சங்கக் கடன் பன்மடங்கு பெருகியிருக்கிறது. ஆயினும் பட்டாவும் சிட்டாவும் அடங்கலும் காட்டாமல் பயிர்க்கடன் பெறுதல் இன்றும் எளிதன்று. வாய்ப்பேச்சில் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது நம்மவருள் பெருவழக்கு. எழுதிக் கொடுத்தால் நிலத்தின்மேல் உரிமை கொண்டாடுவானோ என்று உடையவர் அஞ்சுகிறார்; எழுத்தில்லாமையால் உழுபவர் கணக்கில் எங்கும் காணப்படுவதில்லை. 2019-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் பெறுவது நிலமுடைய குடும்பமே; சொந்த நிலமின்றிக் குத்தகைக்கு உழுவோர் அதில் சேரார். 2021-இல் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 16.43 இலட்சம் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்கிய 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தனர். சங்கத்தில் கடன் கிடைத்தவர்க்கு அது பெரிய ஆறுதல். சங்கத்தில் கிடைக்காமல் நூற்றுக்கு மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று மாத வட்டிக்கு வெளியில் வாங்கியவர்க்கு அந்த அறிவிப்பில் இடமில்லை. அவர் கடன் அப்படியே நின்றது. நம் அங்கத்தினருள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்போர், தம் நிலத்தை உழுபவர் அவ்வருஷம் எங்கே கடன் வாங்கியிருந்தார் என்பதை அவரையே கேட்டறியலாம்.